குச்சியில் எழுதிய எண்

திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருபது கிலோமீட்டருக்குள் கீழ்பென்னாத்தூர் வந்துவிடும். ஏரியையும் கிணற்றையும் நம்பிப் பயிர் செய்யும் மண் இது. மழை பார்த்து மல்லாட்டை (வேர்க்கடலை) போடுவார்கள். கிணற்றில் தண்ணீர் நின்றால் நெல்லும் கரும்பும் உண்டு. மல்லாட்டை பிடுங்கி, காயை ஆய்ந்தபின் மிஞ்சும் கொடி மாட்டுக்குப் போகும். மழை ஏமாற்றிய வருஷத்தில் வீட்டைத் தாங்கிப் பிடிப்பது அந்தக் கொடியைத் தின்னும் ஒன்றிரண்டு கறவை மாடுகள்தான்.

காலையும் மாலையும் பால் சொசைட்டிக்குத் தூக்கிலும் கேனிலும் பால் வருகிறது. அளந்து, துளிப் பாலை எடுத்துக் கருவியில் வைத்தால் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான திடப்பொருள் எவ்வளவு என்று எண் விழும். அந்த எண்ணை வைத்து விலை. பிறகு எல்லார் வீட்டுப் பாலும் ஒரே கேனில் கொட்டப்படுகிறது. பணம் பட்டுவாடா ஆனதும் அந்த எண்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, வருஷம் முழுக்க, தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான சொசைட்டிகளில் எடுக்கப்படும் இந்த அளவீடுகள் விலைப்பட்டியலைத் தாண்டி எங்கும் போவதில்லை.

இன்னோர் எண்ணும் இப்படித்தான் வீணாகிறது. மாடு கத்தத் தொடங்கியதும் சினை ஊசி போட ஆள் வருகிறார். கையில் திரவ நைட்ரஜன் குடுவை. உள்ளே மைனஸ் 196 டிகிரிக் குளிர். இடுக்கியால் ஒரு குச்சியை எடுக்கிறார். துடைப்பக் குச்சி அளவுக்கு மெல்லிய பிளாஸ்டிக் குழல், கால் மில்லிலிட்டர் கொள்ளும். அதை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்து, துடைத்து, துப்பாக்கி என்று அவர்கள் சொல்லும் கருவியில் செருகுகிறார். குச்சியின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது: விந்து நிலையத்தின் குறியீடு, காளையின் எண், விந்து எடுத்த தேதி. பிறக்கப்போகும் கன்றின் அப்பன் யார் என்பதற்கு அந்த வீட்டுக்குக் கிடைக்கும் ஒரே சான்று அந்தக் குச்சி. வேலை முடிந்ததும் அது குப்பைக்குப் போகிறது.

"போன ஈத்துக்கு என்ன ஊசிக்கா போட்டீங்க?"

"ஜெர்சின்னு சொன்னாங்க தம்பி. நம்பரெல்லாம் யாரு பாத்தா?"

ஊசி போடுபவர் இப்போது செல்பேசிச் செயலியில் காளை எண்ணைப் பதிய வேண்டும் என்பது விதி. மாட்டின் காதில் மஞ்சள் வில்லை, அதில் 12 இலக்க எண். தேசியப் பால்வள வாரியம் உருவாக்கிய இனாஃப் என்ற தகவல் வலையமைப்பும், அதன் வழியே வந்த 'பாரத் பசுதன்' தரவுத்தளமும் கோடிக்கணக்கான மாடுகளுக்கு இப்படி எண் கொடுத்திருக்கின்றன. அடித்தளம் போட்டாகிவிட்டது. காளையின் எண்ணும் சொசைட்டியின் பால் எண்ணும் ஒரே மாட்டின் பெயரில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதே இந்த அத்தியாயம்.

*

ஒரு மாடு பத்து லிட்டர் கறக்கிறது, பக்கத்து வீட்டு மாடு ஆறு லிட்டர்தான் கறக்கிறது. முதல் மாடு நல்ல பரம்பரையா? சொல்ல முடியாது. அந்த வீட்டில் புண்ணாக்கு தாராளமாகக் கிடைத்திருக்கலாம், கொட்டகையில் நிழல் இருந்திருக்கலாம், கறப்பவரின் கை நல்ல கையாக இருக்கலாம். நல்ல பதிவு உள்ள பண்ணைகளில்கூட, மாட்டுக்கு மாடு பால் அளவில் காணும் வேறுபாட்டில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் பிறப்பால் வருவது. மீதி வளர்ப்பால் வருவது. சினை பிடிக்கும் திறனில் பிறப்பின் பங்கு நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது.

தீபத் திருவிழாவையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள், வயிற்றடியில் பால் நரம்பின் தடிமனைத் தடவிப் பார்க்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த கூர்மையான பார்வை அது. ஆனால் அது எதிரில் நிற்கும் மாட்டைத்தான் பார்க்கும். அந்த மாடு தன் மகளுக்கு எதைக் கொடுக்கும் என்பது தோலுக்கு வெளியே தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள உலகம் கண்ட முதல் வழி கூட்டாகப் பதிவு செய்வது. 1895-இல் டென்மார்க்கின் வேயன் என்ற ஊரில் சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். சங்கத்தின் ஆள் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பசுவின் பாலையும் கொழுப்பையும் அளந்து எழுதினார். பல வீட்டுப் பதிவுகள் ஓரிடத்தில் சேர்ந்தபோதுதான் காளைகளை ஒப்பிட முடிந்தது. ஒரே காளையின் மகள்கள் நூறு வீடுகளில் சிதறிக் கிடந்தால் வளர்ப்பின் மேடு பள்ளம் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். மிஞ்சி நிற்பது அப்பன் கொடுத்தது. சந்ததிச் சோதனை என்பது இதுதான். கேரளத்தில் 1963-இல் மூணாறு அருகே மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டம் சுனந்தினி என்ற கலப்பினத்தை உருவாக்கியது. 1977 முதல் அங்கே விவசாயிகளின் வீட்டுத் தொழுவங்களிலேயே மகள்களின் பாலை அளந்து காளைகளைத் தேர்ந்தெடுத்து வருகிறார்கள். பெரிய பண்ணைகள் இல்லாத ஒரு மாநிலம் இதைச் செய்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தமிழ்நாட்டிலும் தேசியப் பால்வளத் திட்டத்தின் கீழ் ஆவின் வழியாக ஜெர்சி கலப்பினக் காளைகளுக்கு இச்சோதனை நடந்திருக்கிறது.

சோதனை நல்லதுதான், காலம்தான் தடை. காளை வளர வேண்டும், அதன் கன்றுகள் பிறக்க வேண்டும், கிடேரிகள் வளர்ந்து தலையீத்து ஈன வேண்டும், ஒரு கறவைக் காலம் அளக்க வேண்டும். காளை நல்லது என்று தெரியவரும்போது அதற்கு ஆறேழு வயதாகியிருக்கும். அதுவரை அதன் விந்தைச் சேமித்து வைத்துக் காத்திருக்க வேண்டும்.

*

2001-இல் தியோ மியூவிசென், பென் ஹேய்ஸ், மைக் கோடார்ட் ஆகிய மூவர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை இந்தக் காத்திருப்பை உடைத்தது. அப்போது மாட்டின் மரபணுத் தொகுதி இன்னும் முழுதாகப் படிக்கப்படவே இல்லை. டொமினெட் என்ற ஹெர்ஃபோர்டு பசுவின் டி.என்.ஏ.வைக் கொண்டு அந்த வேலை முடிந்து, ஏறத்தாழ 22,000 மரபணுக்கள் என்ற கணக்கு வெளியானது 2009-இல்தான். மூவரும் சொன்ன யோசனை துணிச்சலானது: எந்த மரபணு பாலைக் கூட்டுகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், மரபணுத் தொகுதி நெடுக நெருக்கமாகப் புள்ளிகளை வைத்து, எல்லாவற்றின் விளைவையும் ஒரே நேரத்தில் கணக்கிடுவோம்.

மாட்டின் 30 இணைக் குரோமோசோம்களில் இருநூற்றெழுபது கோடி எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை முழுக்கப் படிப்பது, திண்டிவனம் சாலையில் ஒவ்வொரு அடியையும் அளந்துகொண்டே நடப்பது போல. சிப் என்ற கண்ணாடித் தகடு மைல்கல்லை மட்டும் படிக்கும். இந்தக் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் உள்ள நிலம் எந்தப் பாட்டனிடமிருந்து வந்தது என்று சொல்ல அந்தக் கற்களே போதும். மாட்டுக்கு மாடு ஓர் எழுத்து மாறும் இத்தகைய இடங்களை ஸ்னிப் என்பார்கள். 2007 இறுதியில் வந்த சிப்பில் இவை ஏறக்குறைய 54,000.

சிப் மட்டும் எதையும் சொல்லாது. பாலும் சினையும் அளக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மாடுகளின் சிப் முடிவுகள் ஒருசேர இருந்தால்தான், எந்தப் புள்ளியில் எந்த எழுத்து இருந்தால் எத்தனை மில்லி பால் கூடுகிறது என்று கணிக்க முடியும். அந்தக் கூட்டத்துக்கு ஆதார மந்தை என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளியின் விளைவும் மிகச் சிறியது. அது புலப்பட மந்தை மிகப் பெரியதாக இருக்க வேண்டும். எந்த ஒரு நிறுவனமும், ஏன், எந்த ஒரு நாடும் தனியாகச் சேர்க்க முடியாத அளவு பெரியது. போட்டியாளர்கள் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது இந்தக் கட்டாயத்தால்தான். அமெரிக்காவும் கனடாவும் தங்கள் காளைகளின் தரவை ஒன்றாக்கின. ஒருவருக்கொருவர் விந்து விற்பனையில் மோதிக்கொண்டிருந்த ஐரோப்பிய நிறுவனங்கள் 2009-இல் யூரோஜீனோமிக்ஸ் என்ற கூட்டமைப்பில் ஆளுக்கு நாலாயிரம் காளைகளின் தரவைப் போட்டு, பதினாறாயிரத்தை எடுத்துக்கொண்டன. 'ஆயிரம் காளை மரபணுத் தொகுதிகள்' என்ற திட்டம் இன்னும் ஆழமாகப் போய், முழு எழுத்து வரிசையையே பகிர்ந்தது. 2014-இல் 234 மாடுகளை வைத்து அது வெளியிட்ட முதல் அறிக்கையிலேயே 2 கோடியே 83 லட்சம் வேறுபாடுகள் அடையாளம் காணப்பட்டன.

2009 ஜனவரியில் அமெரிக்காவில் இம்முறை அதிகாரபூர்வமானது. காளைகளுக்கு அப்பனாகும் காளையின் சராசரி வயது ஏழிலிருந்து இரண்டரைக்கும் கீழே இறங்கியது. பால் அளவில் முன்னேறும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பானது. சினை பிடிப்பு, மடிநோய் எதிர்ப்பு, ஆயுள் போன்ற, பிறப்பின் பங்கு குறைவான குணங்களில் அதைவிடப் பல மடங்கு வேகம் கூடியது. பழைய முறையில் ஏறக்குறைய கைவிட்டிருந்த குணங்கள் இவை.

*

பகிர்ந்த தரவு என்னென்ன செய்யும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. அதில் கண்டுபிடிக்கப்பட்டது இல்லாத ஒன்று.

1962-இல் அமெரிக்காவில் பிறந்த சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள். பேத்திகள் ஐந்து லட்சம். கொள்ளுப் பேத்திகள் இருபது லட்சத்துக்கும் மேல். அதன் வழிவந்தவை ஏராளமாகக் கறந்தன. உலகமே அதன் விந்தை வாங்கியது. அந்த இரத்தத்தோடு சேர்ந்து ஒரு பழுதும் போனது. அப்பன் வழியிலும் தாய் வழியிலும் அந்தப் பழுது ஒருசேர வந்தால் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். மாடு சினையாகியும் கலைந்துவிட்டது என்று விவசாயிக்குத் தெரியும், காரணம் தெரியாது. தீனியையோ, ஊசி போட்டவரையோ, தன் தலைவிதியையோ நொந்துகொள்வார்.

2011-இல் அமெரிக்க வேளாண் துறையின் பால் வான்ரேடனும் அவர் குழுவினரும் பகிர்வில் சேர்ந்திருந்த 58,453 ஹோல்ஸ்டீன், 5,288 ஜெர்சி மாடுகளின் சிப் முடிவுகளை வேறு விதமாகக் கேள்வி கேட்டார்கள்: மந்தையில் பரவலாக இருந்தும், இரட்டையாக ஒரு மாட்டில்கூட இல்லாத துண்டு ஏதேனும் உண்டா? உண்டு. ஜெர்சியில் பதினைந்தாவது குரோமோசோமில் ஒரு துண்டு. நாலு மாட்டில் ஏறக்குறைய ஒன்று அதைச் சுமந்தது. எளிய கணக்குப்படி அந்த 5,288-இல் 70 மாடுகளாவது அதை இரட்டையாகப் பெற்றிருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. இரட்டையாகப் பெற்றவை பிறக்கவே இல்லை. பின்னர் அது சி.டபிள்யூ.சி.15 என்ற மரபணுவில் உள்ள பழுது என்று தெரிந்தது. சீஃப் பரப்பிய பழுது ஏபாஃப்1 என்ற மரபணுவில் இருந்தது. உலகெங்கும் ஐந்தேகால் லட்சம் கருக்கள் அதனால் கலைந்திருக்கும் என்று 2016-இல் கணக்கிட்டார்கள். இன்று ஒரு காளைக்கன்று இந்தப் பழுதுகளைச் சுமக்கிறதா என்று பிறந்த வாரத்திலேயே சொல்லிவிடலாம்.

ஐந்தாயிரம் ஜெர்சி மாடுகளும் ஐந்தாயிரம் பேரிடம் தனித்தனியே இருந்திருந்தால் இது என்றைக்கும் தெரியவந்திருக்காது. இல்லாமையைக் காண எல்லாரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

கீழ்பென்னாத்தூர்க்காரருக்கு இதில் என்ன? தமிழ்நாட்டுச் சமவெளியில் அரை நூற்றாண்டாகப் போடப்படுவது பெரும்பாலும் ஜெர்சி. நாட்டு மாட்டுக்கு ஜெர்சி போட்டுப் பிறந்த முதல் தலைமுறைக்கு இந்த ஆபத்து இல்லை. தாய் வழியில் ஜெர்சித் துண்டே கிடையாது. அந்தக் கலப்பினத்துக்கு மறுபடி ஜெர்சி, அதன் மகளுக்கும் ஜெர்சி என்று போகும்போது இரு பக்கமும் ஒரே பாட்டனின் துண்டு வந்து சேரும் வாய்ப்புத் திறக்கிறது. "ஊசி போட்டும் நிக்கல" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் நேரம் தவறிய ஊசியும் தாதுச்சத்துக் குறைவும்தான். ஆனால் அப்பன் எண்ணும் பாட்டன் எண்ணும் பதிவில் இருந்தால் மற்ற காரணத்தையும் ஒதுக்காமல் பார்க்க முடியும்.

*

அப்படியானால் வெளிநாட்டில் கண்டுபிடித்த கணக்கை இறக்குமதி செய்துகொண்டால் போதாதா? போதாது. அங்கே கணித்த மதிப்பு, மரபணுவோடு அங்கிருக்கும் குளிரையும் சோளத் தீவனத்தையும் சேர்த்துக் கணித்தது. விஸ்கான்சினில் முதலிடம் பிடித்த காளையின் மகள், கத்திரி வெயிலில் வைக்கோலும் மல்லாட்டைக் கொடியும் தின்று எப்படிக் கறப்பாள் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. நம் கலப்பின மாட்டின் குரோமோசோம்களில் ஜெர்சித் துண்டும் நாட்டு மாட்டுத் துண்டும் மாறி மாறி வருகின்றன. ஐரோப்பிய மாட்டுக்கென்று வைத்த மைல்கற்கள் நம் திமில் மாட்டின் பாதையில் பல இடங்களில் பயன்படா.

இந்தியா தன் சிப்புகளைச் செய்யத் தொடங்கியது இதனால்தான். உள்நாட்டு இனங்களுக்கும் அவற்றின் கலப்பினங்களுக்கும் பொருந்த தேசியப் பால்வள வாரியம் இண்டஸ்சிப்பை வடிவமைத்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் 2021 ஆகஸ்டில் 11,496 புள்ளிகள் கொண்ட இண்டிகௌ சிப்பை வெளியிட்டது. 2024 அக்டோபர் 5 அன்று மகாராஷ்டிரத்தின் வாசிமில் மாட்டுக்கென ஒருங்கிணைந்த கௌ சிப் அறிமுகமானது. எருமைக்கென மகிஷ் சிப்பும் உண்டு.

சிப் இருக்கிறது, ஆதார மந்தை? அமெரிக்கப் பண்ணையில் ஒரே கூரையின் கீழ் ஆயிரம் மாடு. ஒரே தீனி, ஒரே வெயில். மாட்டுக்கு மாடு ஒப்பிடுவது எளிது. இங்கே வீட்டுக்கு ஒன்றிரண்டு. வீடும் மாடும் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதால் எது மாட்டின் குணம், எது வீட்டின் குணம் என்று பிரிக்க முடியாது என்றே பல காலம் நம்பினார்கள். இந்த இடத்தில் நமக்கு மிக வேண்டிய ஓர் ஆய்வு 2021-இல் வந்தது. புணேயைச் சேர்ந்த பைஃப் அமைப்பு சிறு விவசாயிகளின் கலப்பின மாடுகளில் எடுத்த பால் அளவுகளை, ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரான்சின் வின்சென்ட் டூக்ரோக்கும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். பரம்பரைப் பட்டியலே இல்லாத மாடுகள். ஆனால் சிப் முடிவு எந்த மாடும் எந்த மாடும் எவ்வளவு உறவு என்பதைத் தானே சொல்லிவிடுகிறது. ஒரே பாட்டனின் துண்டுகள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு தொழுவங்களில் இருப்பதால், அந்தத் துண்டுகளே வீட்டையும் வீட்டையும் இணைக்கும் பாலமாகின்றன. ஒற்றை மாடு வைத்திருக்கும் வீடும் கணக்கில் சேரலாம் என்று அந்த ஆய்வு காட்டியது.

குச்சியைத் தொலைத்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வால் குஞ்சத்திலிருந்து இருபது முப்பது முடியை வேரோடு பிடுங்கிக் காகித உறையில் போட்டால் போதும், டி.என்.ஏ. அந்த வேரில் இருக்கிறது. அப்பன் எண் மறந்துபோன மாட்டுக்கும் அப்பனைக் கண்டுபிடிக்கலாம். பால் அளவைத்தான் முடியிலிருந்து எடுக்க முடியாது. அதை யாராவது அளந்தே ஆக வேண்டும்.

இங்கேதான் சொசைட்டியின் பதிவேடு என் நினைவுக்கு வருகிறது. முறையான அளவீட்டுக்கு மாதம் ஒரு நாள் ஆள் போய், ஒவ்வொரு மாட்டின் காலைப் பாலையும் மாலைப் பாலையும் தனித்தனியே அளக்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலை; ஊர் ஊராகச் செய்வது கடினம். ஒற்றைக் கறவை உள்ள வீட்டில் சொசைட்டிக்கு ஊற்றிய பால், வீட்டுக்கும் கன்றுக்கும் நிறுத்தியது போக, அந்த மாட்டின் பால்தான். துல்லியம் குறைந்த அளவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் இரண்டு முறை என்று வருஷம் முழுக்க வரும் துல்லியமற்ற அளவு, எப்போதோ வரும் துல்லியமான அளவுக்குத் துணை நிற்கும். பதிவேட்டில் உறுப்பினர் எண்ணுக்குப் பக்கத்தில் காது வில்லை எண்ணையும் எழுத ஒரு பத்தி ஒதுக்குவது பெரிய செலவில்லை. மாதாந்திர அளவீட்டைச் சில ஊர்களில் ஒழுங்காக நடத்தி, அதை வைத்து மற்ற ஊர்களின் சொசைட்டிக் கணக்கைச் சரிபார்த்துப் பயன்படுத்தலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

*

இத்தனையும் எதற்கு? இன்னும் அதிகப் பாலுக்கா?

மாடு தின்ற தீனி செரிக்கும்போது அதன் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. ஏப்பமாக அது வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமேற்றும் திறன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு. பன்னாட்டுக் காலநிலைக் குழு 2006-இல் தந்த கணக்கு முறையில் இந்தியத் துணைக்கண்டத்தின் கறவைப் பசு ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன் விட்டு 900 கிலோ பால் தருகிறது. வட அமெரிக்கப் பசு 128 கிலோ மீத்தேன் விட்டு 8,400 கிலோ தருகிறது. கிலோ பாலுக்கு இங்கே 64 கிராம், அங்கே 15 கிராம். வயிற்றுப்பாட்டுக்குத் தின்னும் தீனிக்கு உண்டாகும் மீத்தேன் எப்படியும் உண்டாகும்; பால் கூடினால் அது பல லிட்டர்களுக்குப் பங்காகிறது.

இந்தக் கணக்கைக் காட்டி நம் விவசாயியைக் குற்றவாளியாக்குவதை நான் ஏற்கமாட்டேன். மனிதர் தின்ன முடியாத வைக்கோலையும் கொடியையும் பாலாக்கும் மாடு இது. சாணம் வயலுக்குப் போகிறது. எட்டாயிரம் லிட்டர் மாட்டுக்கு வேண்டிய தானியத்தையும் தண்ணீரையும் கீழ்பென்னாத்தூர்க் கிணறுகள் தாங்கா. ஆனால் கணக்கின் உள்ளே நமக்கான வழியும் இருக்கிறது. கிடேரி பருவத்துக்கு வரத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும், ஈன்றபின் சினை நிற்காமல் கழியும் ஒவ்வொரு மாதமும் மாடு தீனி தின்கிறது, பால் இல்லை. இரண்டாம் ஈத்திலேயே மடிநோய் வந்து விலைபோகும் மாட்டின் இடத்துக்கு இன்னொரு கிடேரியை மூன்று வருஷம் வளர்க்க வேண்டும். ஆகவே வெயிலைத் தாங்கி, காலாகாலத்தில் சினை பிடித்து, ஐந்தாறு ஈத்து நிலைக்கும் நடுத்தரக் கறவை மாடுதான் இந்த மண்ணுக்கு ஏற்றது. வீட்டின் கையிருப்பும் காற்றின் மீத்தேனும் ஒரே மாட்டைக் கேட்கின்றன.

இத்தகைய குணங்களைப் பகிர்ந்த தரவு எட்டிப் பிடித்த கதைகள் உண்டு. ஒரு மாடு எவ்வளவு தின்கிறது என்பதை அளப்பது பாலை அளப்பதைவிடப் பல மடங்கு செலவானது; எந்த நாட்டிடமும் போதிய அளவு தரவு இல்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வுக்கு 9 நாடுகள் தங்களிடமிருந்த சிறு சிறு தரவுகளைச் சேர்த்து ஏறக்குறைய 7,000 பசுக்களின் கணக்கை உருவாக்கின. கனடா தலைமையில் நடந்த 'திறன்மிகு பால்மாட்டு மரபணுத் தொகுதி' திட்டம் தீனி அளவோடு மீத்தேனையும் சேர்த்துப் பன்னாட்டுத் தரவுத்தளம் அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 2023 ஏப்ரலில் கனடாவின் லாக்டாநெட் ஹோல்ஸ்டீன் மாடுகளுக்கு மீத்தேன் திறன் மதிப்பை வெளியிட்டது. ஒவ்வொரு மாட்டின் மூச்சையும் அளக்காமல், பால் மாதிரியில் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்திக் கிடைக்கும் வரைபடத்திலிருந்தே மீத்தேனைக் கணிக்கிறார்கள்.

ஆனால் நாம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஆஸ்திரேலியாவுடையது. அங்கே வெயில் தாங்கும் திறனை அளக்கப் புதிய கருவி எதையும் வாங்கவில்லை. மாதாந்திரப் பால் பதிவை எடுத்தார்கள். பக்கத்து வானிலை நிலையத்தில் அன்றைக்குப் பதிவான வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அதன் அருகில் வைத்தார்கள். வெயில் ஏறிய நாளில் எந்த மாட்டின் பால் சடாரென்று இறங்கியது, எது நின்று பிடித்தது? அதைச் சிப் முடிவோடு பொருத்தி 2017 டிசம்பரில் வெப்பம் தாங்கும் மதிப்பை வெளியிட்டார்கள். இரண்டும் ஏற்கெனவே இருந்த தரவுகள். வெயிலுக்கும் பால் பதிவுக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தில் பஞ்சமில்லை.

*

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. அமெரிக்காவின் ஹோல்ஸ்டீன் விந்துக் காளைகளின் ஆண்வழியைப் பின்னோக்கிப் பார்த்த பென்சில்வேனியா ஆய்வாளர்கள், ஏறக்குறைய எல்லாமே 1960-களில் பிறந்த இரண்டே காளைகளில் போய் முடிவதைக் கண்டார்கள். அவற்றில் ஒன்று மேலே சொன்ன சீஃப். கணினி முதலிடம் கொடுக்கும் காளையையே எல்லாரும் கேட்டால் மந்தை குறுகிவிடும்; ஒளிந்திருக்கும் பழுதுகள் சந்தித்துக்கொள்ளும். தமிழ்நாட்டின் காங்கேயம், உம்பளச்சேரி, பருகூர், புலிக்குளம், ஆலம்பாடி இனங்கள் எண்ணிக்கையில் ஏற்கெனவே சிறியவை. சிப்பை இங்கே முதலில் பயன்படுத்த வேண்டியது அதிகப் பாலுக்கு அல்ல. எந்தக் காளை எந்தப் பசுவுக்கு நெருங்கிய உறவு என்று பார்த்து, இணையைப் பிரித்துப் போடுவதற்கு. ஒரு காளையின் குச்சிகள் ஒரு வட்டாரத்தில் எத்தனை வருஷம் போகலாம் என்பதற்கு வரம்பு வைத்து, அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கவும் காளை எண் பதிவு வேண்டும்.

பகிர்வு என்றால் யாரோடு, எந்த அளவுக்கு என்ற கேள்வியும் வருகிறது. வில்லை எண்ணோடு உரிமையாளரின் பெயரும் செல்பேசி எண்ணும் ஊரும் இருக்கின்றன. சொசைட்டிக் கணக்கில் வீட்டின் வருமானம் இருக்கிறது. மரபணு ஆய்வுக்கு இவை எதுவும் வேண்டாம். மாட்டின் எண், சிப் முடிவு, பால், ஈன்ற தேதி, இடத்தின் வெயில் இவ்வளவே போதும். மற்றதைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் தரவு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். காப்பீடு தருபவரோ கடன் தருபவரோ மாட்டு வியாபாரியோ அதற்குள் நுழையக் கூடாது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதருக்கு உண்டு. மாட்டின் வழியாக மனிதரை அறியும் இந்த வாசலை யார் காப்பது என்பதையும் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். காளைகளின் மதிப்பெண்ணை மட்டும் மறைக்கவே கூடாது. எந்தக் காளை எதில் நல்லது, எந்தப் பழுதைச் சுமக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

தரவு கொடுத்தவர் வீட்டுக்கு என்ன திரும்பி வருகிறது? இதுவரை ஊர்களில் கேட்கும் குறை இதுதான்: வந்தார்கள், வில்லை போட்டார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். மாட்டைப் பார்ப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்; பதிவு ஆணின் பெயரில், குறுஞ்செய்தி ஆணின் செல்பேசிக்கு. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது புள்ளிவிவரம் அல்ல. "இந்த மாட்டுக்கு இந்த நம்பர் ஊசி வேண்டாம், அப்பன் வழி ஒண்ணா வருது, இந்த மூணுல ஒண்ணு போடுங்க" என்ற ஒரு வரி, தமிழில், சினைப்பருவத்துக்கு முன்னால் வர வேண்டும். கிடேரியை வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவெடுக்க வேண்டிய மாதத்தில் அதன் மதிப்பு வர வேண்டும். கேரளத்துத் தொழுவங்களில் அரை நூற்றாண்டாகப் பதிவு நிலைத்ததற்கு, அளக்க வந்தவர் கேட்டுக்கொண்டு மட்டும் போகாமல் சொல்லிவிட்டும் போனது ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

பால் சொசைட்டி கம்பெனி அல்ல, பால் ஊற்றுபவர்களுடைய சங்கம். விலையையும் போனஸையும் பற்றிக் கேள்வி எழும் அதே பொதுக்குழுவில், நம் மாடுகளின் கணக்கு எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், அடுத்த வருஷம் எந்தக் காளைகளின் குச்சி நம் ஊருக்கு வருகிறது என்ற மூன்று கேள்விகளையும் உறுப்பினர்கள் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த மேடையிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.